ஒரு கொட்டான் தவிடு

கரோலின் டீச்சரிடம் ‘கிவ் அப்’ என்றால் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால், அன்றைய வகுப்பு அதோடு சரி.

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், தன் வீட்டு மாடியில் தகரம் வேய்ந்து, இரண்டு மின்விசிறியை மாட்டி, அவள் நெடுங்காலமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்திவருகிறாள். துபாய்க்குப் போகிறவன், லண்டனுக்கு நர்ஸாகப் போகிற பிள்ளை, கங்கைகொண்டான் கம்பெனி இன்டர்வியூவில் தோற்றுத் திரும்பியவன் என்று எல்லாரும் அந்தத் தகரத்துக்கடியில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசில் கள்ளம் கிடையாது. ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்பதை மட்டும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

“கிவ்னா குடு. அப்னா மேல. ‘மேலே குடு’ன்னு எழுதினவன் எல்லாம் எந்திரிச்சு நில்லுங்கலே!” என்றுதான் ஆரம்பிப்பாள். நாலு பேர் அசடு வழிய எழுந்து நிற்பார்கள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம்.

“பஸ்ஸுல பிள்ளைத்தாச்சி ஒருத்தி ஏறுதா. நீ எந்திரிச்சு எடத்தைக் குடுக்கே. கிவ் அப். ஒங்கப்பா பீடியை விட்டுட்டாரு. கிவ் அப். களவாண்டவன் தானாப் போய் ஸ்டேஷன்ல நிக்கான். கிவ் அப். ஆஸ்பத்திரியில டாக்டர் கைய விரிச்சுட்டாரு. அதுவும் கிவ் அப்தான். இது எல்லாத்துக்குள்ளயும் பொதுவா ஒண்ணு கெடக்கு. என்னன்னு சொல்லுங்க பாப்பம்?”

யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் சொல்லவும் விட மாட்டாள்.

“கையில இருந்தது போயிட்டு. போனது போனதுதான். திரும்பப் போய்த் தாங்கன்னு கேட்டு நிக்க முடியாது. அதாம்லே கிவ் அப்!”

அப்படிப்பட்டவளிடம்தான் பங்குனி வெயிலில் நோரா வந்து சேர்ந்தாள்.

நோராவுக்கு முப்பத்துநாலு வயது. பார்வைக்கு நம்ம ஊர்ப் பிள்ளைதான். சேரன்மகாதேவி பஸ்ஸில் ஒரு கூடையோடு ஏறினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாயைத் திறந்தால் ஆஸ்திரேலியா. பாளையங்கோட்டையில் அந்தக் காலத்தில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து, கைக்குழந்தையாக அவளைத் தத்தெடுத்துக் கொண்டுபோயிருந்தார்கள். வளர்த்த தாய் போன வருடம் இறந்துபோனாள். நல்ல மனுஷி என்று நோராவே சொன்னாள். பெற்றவளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அந்த நல்ல மனுஷி ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறாள்: உன் அம்மா உன்னை கிவ் அப் பண்ணிவிட்டாள். அதற்கு மேல் அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

பெற்றவளின் பெயர் சுடலைவடிவு, அவள் உயிரோடு இருக்கிறாள், பத்தமடையைத் தாண்டி வாய்க்கால்கரை ஊர் ஒன்றில் மகன் வீட்டில் இருக்கிறாள் என்பதுவரை ஆள் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தாயிற்று. வரச் சொல்லிப் பதிலும் வந்துவிட்டது. கூட இருந்து இரண்டு பக்கத்துப் பேச்சையும் சொல்ல ஓர் ஆள்தான் வேண்டும். குருவானவர் கரோலின் டீச்சரைக் கைகாட்டிவிட்டார்.

“எனக்கு ஒரே கேள்விதான்,” என்றாள் நோரா, இங்கிலீஷில். “ஏன் என்னை கிவ் அப் பண்ணினாய்? அதைத் தமிழில் எப்படிக் கேட்பீர்கள்?”

டீச்சர் யோசித்தாள். இத்தனை வருட வகுப்பில், பிள்ளையை கிவ் அப் பண்ணுவது என்ற உதாரணத்தை அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. ‘கைவிட்டாய்’ என்றால் அது வசவு. ‘கொடுத்துவிட்டாய்’ என்றால் பழைய சேலையைத் தூக்கிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. ‘தத்துக் கொடுத்தாய்’ என்றால் வக்கீல் பேச்சு. ‘விட்டுக்கொடுத்தாய்’ என்றால் பெருந்தன்மை ஆகிவிடும். எதை எடுத்தாலும் கேள்வி கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதின மாதிரி ஆகிறதே என்று அவளுக்கு முதல் தடவையாகத் தடுமாற்றம் வந்தது.

“ஆளைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்,” என்றாள்.

“ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சொல்வது எதையும் நீங்கள் மெருகேற்ற வேண்டாம். நான் வேண்டாத பிள்ளையாக இருந்தேனா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வேண்டாத பிள்ளை என்றால் அதையும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.”

“நான் ஒரு ஆசிரியை. சொன்னதைச் சொன்னபடி சொல்வேன்,” என்றாள் கரோலின். சும்மா சொல்லக் கூடாது, சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காரில் போனார்கள். மேலப்பாளையம் நெரிசல், முன்னீர்பள்ளம், அதற்கப்புறம் இரண்டு பக்கமும் வயல். பிசான நெல் அறுப்பு முடிந்திருந்தது. அறுப்பு மிஷின் உருண்ட தடம் தாளடியில் அப்படியே கிடந்தது. ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். நோரா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீடு வாய்க்காலை ஒட்டி இருந்தது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த சின்னக் காங்கிரீட் வீடு, பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை. மருமகள் கலைச்செல்விதான் வாசலுக்கு ஓடிவந்தாள்.

“வாங்க, வாங்க. அவுக கங்கைகொண்டான்ல டூட்டிக்குப் போயிருக்காவ, லீவு கெடைக்கல. அத்தை விடியமுன்ன இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. நீங்களாவது சொல்லுங்க,” என்றாள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கலர் சோடா உடைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

சுடலைவடிவு உள்ளேயிருந்து வந்தாள். அறுபதுக்குள்தான் இருக்கும், நடவும் களையெடுப்பும் அவளை எழுபது ஆக்கியிருந்தன. வந்து கட்டிப் பிடிப்பாள், கதறுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்திருந்தாள். அதெல்லாம் ஒன்றுமில்லை. எட்டடி தள்ளி நின்று, மகளின் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், முகத்தைக் கடைசியில்தான் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“நல்லா இருக்கா,” என்றாள் கலைச்செல்வியிடம். “நல்லா வளத்துருக்காவ.”

நோரா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். கேளுங்கள் என்று அர்த்தம்.

கரோலின் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “அக்கா, ஒங்க மக ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. அவளை ஏன் குடுத்தீங்கன்னு கேக்கா.”

சுடலைவடிவு யோசிக்கவே இல்லை. தயார் செய்து வைத்திருந்த பதிலாகவும் தெரியவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்கிற குரலில் சொன்னாள்: “தவிட்டுக்குக் குடுத்தேன்.”



தவிட்டுக்கு! சின்ன வயதில் டீச்சருடைய அண்ணன் ஜாபேஸ் அவளை அழவைக்கச் சொல்லுவான்: ‘ஏட்டி, நீ எங்கூடப் பொறந்தவ இல்ல, ஒன்னைத் தவிட்டுக்குல்லா வாங்குனோம்!’ அவளுக்குத் தெரிந்த தவிடு அவ்வளவுதான். மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பம். கேலிக்கு மேல் அந்த வார்த்தைக்குள் ஒன்று இருக்கும் என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்? மாட்டுத் தீனிக்குப் பிள்ளையை மாற்றியிருக்கிறாளே இந்தப் பாவி, அவ்வளவு பசியா, அவ்வளவு கல்மனசா என்றுதான் நினைத்தாள். பிரயாணக் களைப்போடு எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். உன் விலை ஒரு ஓலைக் கொட்டான் தவிடு என்று இந்த முகத்தைப் பார்த்து எந்த நாக்கு சொல்லும்?

சுடலைவடிவு மேலே பேசிக்கொண்டுதான் இருந்தாள். “எனக்கு மொத ரெண்டும் தங்கலம்மா. ஆம்பளப் பிள்ளை ஒண்ணு, பொம்பளப் பிள்ளை ஒண்ணு. அப்புறம்தான் இவ. அதுக்குத்தான்...”

“சரிக்கா, சரிக்கா. எனக்குப் புரியுது. நீங்க மனசைப் போட்டு வருத்திக்கிடாதீங்க,” என்று டீச்சர் அவளைக் கையமர்த்தினாள். இரக்கத்தில் செய்ததுதான். ஆனால் இரக்கம் வந்துவிட்டால் சில பேருக்குக் காது அடைத்துப்போகும். கரோலின் டீச்சருக்கும் அடைத்துவிட்டது.

நோரா பக்கம் திரும்பினாள். “அவர்கள் மிகவும் வறுமையில் இருந்திருக்கிறார்கள். உனக்கு ஒரு நல்ல வாழ்க்கை கிடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். வேறு வழி இல்லாமல் உன்னை கிவ் அப் பண்ணினார்கள்.”

வழுவழுவென்று இருந்தது அந்த வாக்கியம். எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொருந்தும்.

நோரா மெள்ளத் தலையாட்டினாள். அவள் முகத்தில் நிம்மதியும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இத்தனை கடலைத் தாண்டி வந்து, வீட்டில் கேட்ட அதே வாக்கியத்தைத்தானே கேட்டிருக்கிறாள்! கலரில் ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அவர்களிடம் சொல்லுங்கள். எனக்குப் புரிகிறது. நான் நல்லபடியாக வளர்ந்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் மன்னித்துவிட்டேன்.” சொல்லிவிட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புறப்படுகிற ஆள் வைத்துக்கொள்வது போல.

“ஒங்க மேல கோவம் இல்லையாம்க்கா. ஒங்கள மன்னிச்சுட்டாளாம்,” என்றாள் டீச்சர்.

சுடலைவடிவு சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். “என்ன சொல்லுதா?”

“மன்னிச்சுட்டேன்னு...”

“எதுக்கு?”

டீச்சர் நோராவைத் திரும்பிப் பார்த்தாள்.

“எதுக்கு மன்னிக்கா? நான் என்ன குத்தம் செஞ்சேன்னு மன்னிக்கா?” அந்த ஒடிசலான உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. கொட்டகையில் மாடு திரும்பிப் பார்த்தது. “டீச்சரம்மா, நான் சொன்னதை அவட்ட அப்படியே சொன்னீயளா? தவிட்டுக்குக் குடுத்தேன்னு சொன்னீயளா?”

“அக்கா, அதை எப்படி...”

“நான் வாங்க வந்ததைச் சொன்னீயளா?”

“என்னத்தை வாங்க?”

“பிள்ளைய! எம்பிள்ளைய வாங்க! தவிட்டுக்குக் குடுத்தா தவிட்டைக் குடுத்து வாங்கணும்லா? ஒங்க ஊர்ல வாங்க மாட்டாவளா?”

கரோலின் டீச்சர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டாள். “எனக்குத் தெரியாதுக்கா,” என்றாள். “நீங்க பைய, மொதல்ல இருந்து சொல்லுங்க.” அந்த இரண்டு வார்த்தை, ‘எனக்குத் தெரியாது’, அவள் வாயிலிருந்து வந்து எத்தனை காலம் ஆயிற்றோ.

சுடலைவடிவு சொன்னாள். முதல் இரண்டு பிள்ளையும் பிறந்து மூச்சு விட்ட கையோடு போய்விட்டன. மூன்றாவதும் பெண். நீலம் பாரித்தபடி பிறந்து, பால் குடிக்காமல் கிடந்தது. இப்படிப் பிள்ளை தங்காத வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையை வேறொருத்தி கையில் கொடுத்து, பதிலுக்கு ஒரு கொட்டான் தவிடு வாங்கிக்கொள்வார்கள். பிள்ளை இப்போது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தவிட்டு விலைக்குப் போன பிள்ளை. பின்னால் அதே தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். அப்போதும் அது பெற்ற பிள்ளை இல்லை, வாங்கின பிள்ளை. இந்த வீட்டுப் பிள்ளை எங்கே என்று தேடி வருகிற சாவு, கணக்குத் தப்பி, வந்த வழியே போய்விடும்.

“பக்கத்து வீட்டுல குடுத்து வாங்குனா போதும்னுதான் நான் சொன்னேன். எங்க மாமியாதான், நம்ம சாதிசனத்துகிட்டக் குடுத்தா அது மோப்பம் புடிச்சு வந்துரும், ஏசுவைக் கும்பிடுத வேதக்காரங்ககிட்டக் குடு, அங்கன தேடாதுன்னு சொன்னா. மொத ரெண்டையும் மண்ணுக்கு வாரிக் குடுத்தவ நான். அவ என்ன சொன்னாலும் கேப்பேன். பாளையங்கோட்டை இல்லத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க இருந்த அம்மாவுக்கு ஊரு வடக்க எங்கயோ. தமிழு அரையும் கொறையும். நான் பிள்ளையக் கையில குடுத்துட்டு, தவிடு தாங்கன்னேன். மாட்டுக்குக் கேக்கேன்னு நெனச்சிருக்கும் போல. பாவம், ஒரு கொட்டான் கேட்டதுக்கு ஒரு பொட்டித் தவிடு அள்ளித் தந்துச்சு. எங்கயோ ஒரு கைநாட்டு வைக்கச் சொன்னாவ. வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சின்னு நெனச்சு வச்சேன். பிசான அறுப்பு முடியட்டும், புதுத் தவிட்டோட வந்து வாங்கிக்கிடுதேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். அந்தம்மா தலைய ஆட்டுச்சே!”

“வந்தீங்களா?” என்றாள் டீச்சர்.

“வராம? அறுப்பு முடிஞ்ச கையோட, மொத நெல்லு உரல்ல விழுந்த அன்னைக்கே வந்தேம்லா. மாரு ரெண்டும் கட்டிப்போய்க் கெடக்கு, பால் வத்தலை, புழிஞ்சு புழிஞ்சு விட்டுக்கிட்டுக் காத்துக் கெடந்தவ நான். பிள்ளை கப்பல் ஏறிட்டுன்னாவ. நல்ல எடம்னாவ. அழாதேன்னாவ. வாசல்ல கெடந்து கத்தினேன். பொறவும் எத்தனையோ தடவை போய்க் கேட்டேன். ஒருநா போனா கேட்டுல பூட்டு தொங்குது. அந்தம்மாவும் செத்துப்போச்சாம்.” முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். “இவளுக்குப் பொறவு பொறந்தவன் நின்னுட்டான். அவ போன ராசியில இவன் நின்னான்னு ஊரு சொல்லுது. எனக்கு ரெண்டும்லா வேணும்? இப்பச் சொல்லுங்க. எதுக்கு என்னைய மன்னிக்கா?”

நோரா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன சொல்கிறார்கள்? ஏன் இவ்வளவு கோபம்?”

கரோலின் டீச்சர் அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“நான் உன்னிடம் சொன்னது அவர்கள் சொன்னது இல்லை. வறுமை என்று அவர்கள் சொல்லவில்லை. நல்ல வாழ்க்கை என்று சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். அவர்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக, எனக்குத் தெரிந்த ஒன்றை எடுத்து வைத்துவிட்டேன்.”

நோராவின் உதடு இறுகியது. “மெருகேற்ற வேண்டாம் என்றுதானே கேட்டேன்? நான் எழுந்து போயிருப்பேனே! அந்தப் பொய்யை வைத்துக்கொண்டே மிச்ச ஆயுளும் வாழ்ந்திருப்பேனே!”

“ஆமாம். திட்டு. ஆனால் முதலில் கேள்.”

டீச்சர் சொன்னாள். செத்துப்போன இரண்டு பிள்ளைகள், நீலம் பாரித்த மூன்றாவது, தவிடு, கைநாட்டு, அறுப்பு, பூட்டின கேட் என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று, சரிதானா என்று சுடலைவடிவிடம் தமிழில் திரும்பக் கேட்டுக்கொண்டு சொன்னாள். கிவ் அப் என்ற வார்த்தையை அவள் தொடவே இல்லை. போனது போனதுதான், திரும்பக் கேட்டு நிற்க முடியாது என்று வருடக் கணக்கில் கத்தினவள் அவள்தானே! இந்தப் பெண்பிள்ளை திரும்பக் கேட்டு நின்றிருக்கிறாள். பால் கட்டின மாரோடு வந்து நின்றிருக்கிறாள். அதற்கு அந்த வார்த்தை ஆகாது. “உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். உன்னைக் கூட்டிப்போகத் திரும்பி வந்தார்கள். நாங்கள்தான் உன்னை வைத்திருக்கவில்லை,” என்றாள். எங்களிடம், நாங்கள் என்று அவளை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அந்த இல்லத்துக்குக் கிறிஸ்துமஸ் தோறும் பாட்டுப் பாடப் போன பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. அவளுடைய சபை நடத்திய இல்லம் அது.

“வந்தார்களா?” என்றாள் நோரா.

“வந்தார்கள்.”

“எனக்காகவா?”

“உனக்காக. தவிட்டைத் தூக்கிக்கொண்டு.”

நோரா பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. வளர்ந்த பிள்ளை அப்படி அழுவதைப் பார்த்துக் கலைச்செல்வியும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுடலைவடிவு எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு பனையோலைக் கொட்டான் இருந்தது. விளிம்பு பிய்ந்த இடத்தில் பிளாஸ்டிக் நாரால் கட்டியிருந்தாள். நிறையத் தவிடு. மேலே ஒரு பழைய துணி மூடியிருந்தது.

“வருசா வருசம் பிசானம் முடிஞ்சா மாத்திருவாவ,” என்றாள் கலைச்செல்வி. “பழசை மாட்டுக்குப் போட்டுட்டுப் புதுசை நெறைச்சு வைப்பாவ. இப்ப உரலு ஏது? மில்லுல போய் வாங்கியாருவாவ. என்னத்துக்கு அத்தைன்னு கேட்டா, இருக்கட்டும்ம்பாவ. நான் கலியாணம் ஆகி வந்த நாள்ல இருந்து பாக்கேன், இந்தக் கொட்டான் வெறுங் கொட்டானா இருந்ததே இல்ல.”

சுடலைவடிவு நேரே டீச்சர் முன்னால் வந்து நின்றாள். “அந்தம்மா இல்ல. நீங்க அந்த வேதக்கோயிலுதானே, டீச்சரம்மா? வாங்குன எடத்துக்காரங்க நீங்கதான். நீங்க தவிட்டை வாங்கிக்கிட்டு எம்பிள்ளையத் தாங்க.”

டீச்சர் திகைத்துப்போனாள். லெந்து என்கிற நோன்புக் காலம். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் சாட்சி சொல்ல வேண்டியவள் அவள். சாவை ஏமாற்றுகிற இந்தச் சடங்கில் கை வைக்கலாமா? ஊரில் தெரிந்தால் என்ன பேசுவார்கள்? ஒரு நிமிஷம் அந்தக் கணக்கெல்லாம் மனசில் ஓடத்தான் செய்தது. அப்புறம் எதிரே நின்றவளின் கையைப் பார்த்தாள். கொட்டானைப் பிடித்த கை ஆடி ஆடித் தவிடு தரையில் சிந்திக்கொண்டிருந்தது. வாங்கின கை எங்கள் கை. திருப்பிக் கொடுக்காமல் இருந்ததும் எங்கள் கை. ஆண்டவரே, நீர் பார்த்துக்கொள்ளும் என்று எழுந்தாள்.

“நான் என்ன செய்யணும்க்கா?”

“முந்தானைய ஏந்துங்க. பிள்ளை கையைப் புடிச்சு எங்கையில குடுங்க. இந்தா புடி ஒம்பிள்ளையன்னு சொல்லுங்க.”

கரோலின் டீச்சர் நோராவை எழுப்பி நிறுத்தி, என்ன நடக்கப்போகிறது என்று காதோடு சொன்னாள். நோரா தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. டீச்சர் ஒரு கையால் முந்தானையை விரித்து ஏந்தினாள். சுடலைவடிவு கொட்டானை அதில் கவிழ்த்தாள். புதுத் தவிட்டின் வாசனை வீடு முழுக்க வந்தது.

“இந்தாங்கக்கா,” என்றாள் டீச்சர். நோராவின் கையைப் பிடித்து நீட்டினாள். “இந்தா புடிங்க. ஒங்க பிள்ளையப் புடிங்க.”

சுடலைவடிவு மகளின் கையைப் பிடித்தாள். அப்போதுதான் முதல் தடவையாகத் தொட்டாள். பிடித்த பிடியில் அவளை வாசல்வரை இழுத்துக்கொண்டு போய், வாய்க்காலும் வயலும் வெயிலும் கேட்கும்படி சத்தம் போட்டாள்:

“கேக்க வேண்டியவன் கேட்டுக்கிடட்டும்! இது நான் பெத்த பிள்ளை இல்ல! தவிட்டுக்கு வாங்குன பிள்ளை!”

நோரா திரும்பி டீச்சரைப் பார்த்தாள். “என்ன சொன்னார்கள்?”

கரோலினுக்கு நாக்கு ஒரு கணம் தயங்கியது. முப்பத்துநாலு வயதுவரை காத்திருந்த பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? ஆனால் இனிமேல் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

“இவள் நான் பெற்ற பிள்ளை இல்லை என்று சொன்னார்கள். தவிடு கொடுத்து வாங்கின பிள்ளை என்று சொன்னார்கள். சாவு காதில் விழட்டும் என்று சத்தமாகச் சொன்னார்கள். நீ பிழைத்துக் கிடக்க வேண்டும் என்பதற்காக.”

நோரா அழுகையோடு சிரித்தாள். தாயின் கை அவள் கையை விடவில்லை. அவளும் விடவில்லை. அப்படியே இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். நோரா தலையைச் சாய்த்தாள். சாய்க்கத் தோள் இருந்தது.

டீச்சர் மடி நிறையத் தவிட்டோடு நின்றுகொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. “இதை என்னக்கா செய்ய?”

“ஒங்க தவிடு. மாட்டுக்குப் போடுங்க. நம்ம மாடுதான் நிக்குல்லா,” என்றாள் சுடலைவடிவு, திரும்பிப் பார்க்காமலே. பிறகு மருமகளைக் கூப்பிட்டாள். “ஏட்டி கலை, பிள்ளை பசியோட இருக்கா, சோத்தை வையி.” மற்றக் கையில் இருந்த வெறுங் கொட்டானைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த தூசியை இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே நீட்டினாள்.

“இந்தா. இனி இதுல வெங்காயத்தைப் போட்டு வையி.”